ஒப்பிட்டதெல்லாம் பார்க்க வந்த ஊர்

கொத்தளம்பேட்டையில் யாராவது எதையாவது எதோடாவது ஒப்பிட்டுச் சொன்னால், ஒப்புக்கு இழுக்கப்பட்ட அந்தப் பொருள் எங்கே இருந்தாலும் புறப்பட்டு வந்து, சொன்னது சரிதானா என்று நேரில் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தது ஓர் ஆனி மாதத்தில். ஏன் என்று கேட்காதீர்கள். நாங்களும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தோம்; பிறகு வருகிறவற்றுக்கு வழி விடுவதற்கே பொழுது சரியாக இருந்ததால் விட்டுவிட்டோம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை முடியும்வரை நானாக எதையும் எதோடும் ஒப்பிட மாட்டேன். பட்டுத் தெளிந்த ஊர்க்காரன் நான்.

முதலில் வந்தது சிங்கம். கவுன்சிலர் அமிர்தகடேசனின் பிறந்தநாளுக்கு பஸ் ஸ்டாண்டு எதிரில் வைத்த பிளெக்ஸில், கடைக்காரர் வைரக்கண்ணு வழக்கப்படி 'கொத்தளம்பேட்டையின் சிங்கமே' என்று எழுதியிருந்தார். வசதியான ஆளுக்குச் சிங்கம், கல்யாணப் பெண்ணுக்கு நிலவு, செத்தவருக்கு ஆலமரம், துணி ரொம்ப நீளமாக இருந்தால் இமயம் என்று அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஆள் யார் என்று அவர் கேட்டதே இல்லை. சிங்கம் காலையில் மார்க்கெட் ரோடு வழியாக வந்தது, டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றது, பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது, பிளெக்ஸின் கீழே நின்று கூலிங்கிளாஸ் போட்ட படத்தை அண்ணாந்து பார்த்தது, பிறகு மாலையோடு காரிலிருந்து இறங்கிய கவுன்சிலரை நெருங்கி வேட்டி நுனியை மோந்தது, அவர் "டேய், யாராவது வாங்கடா" என்று கத்திக்கொண்டு கார்மேல் ஏறியதையும் பொறுமையாக இருந்து பார்த்தது, ஒரு கொட்டாவி விட்டது, வந்த வழியே போய்விட்டது. யாரையும் கடிக்கவில்லை. அன்றிலிருந்து கவுன்சிலரைப் பார்த்தால் எங்களுக்கும் கொட்டாவி வந்தது என்பதுதான் மிச்சம்.

மனுஷன் விடவில்லை. அடுத்த மாதமே இன்னும் பெரிய துணியில் அதே வரியை வெளியூரில் அடித்து வாங்கி மாட்டி, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கீழே நின்றார். சிங்கம் வரவில்லை. ஓர் ஒப்புக்கு ஒரு தடவைதான் வரும், பார்த்தது பார்த்ததுதான் என்பது எங்களுக்கு அப்போது தெரிந்தது.

மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்தது. 'போல' போட்டுச் சொன்னாலும் வந்தது. 'போல'வை விழுங்கிவிட்டு நேரே சிங்கமே, நிலவே என்று கூப்பிட்டாலும் வந்தது, விழுங்கிச் சொன்னால் கொஞ்சம் வேகமாகவே வந்தது. ஒப்பு பொய்யாக இருந்தால் வந்த பொருள் பார்த்தவுடன் திரும்பிப் போயிற்று. மெய்யாக இருந்தால் அது மெய்யாக இருக்கும்வரை நின்றது. தையல்காரர் மதுரமுத்து தன் பெண்டாட்டியின் கோபத்தை "பால் பொங்குற மாதிரி வருது பாரு" என்று சொன்ன அன்று, எங்கிருந்தோ ஒரு குண்டான் பால் வந்து அவர் வீட்டு வாசலில் நுரை கட்டிப் பொங்கிக்கொண்டே இருந்தது. அந்தம்மா கோபம் தணிந்து சோறு போட்ட பிறகுதான் அடங்கிக் கிளம்பிப் போனது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் கம்பிக்குள் மின்சாரம் ஓடுவதைக் குழாயில் ஓடும் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்த, தண்ணீர் வந்து கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒப்பு பிடித்துப்போய், அந்த பீரியடு முழுக்க முழங்கால் அளவுக்கு நின்றது. அந்த வகுப்புப் பிள்ளைகள் யாரும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

ஆளை ஆளோடு ஒப்பிட்டால் மட்டும் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிப் பிள்ளைகளைத் திட்டுவது அதனால் எங்கள் ஊரில் தங்குதடையின்றி நடந்தது.

எந்த அதிசயமும் ஒரு மாதத்துக்குமேல் அதிசயமாக இருக்க முடியாது அல்லவா, இதுவும் பழகிவிட்டது. டீக்கடையில் 'உள்ளே ஒப்பிட்டுப் பேசக் கூடாது' என்று எழுதி மாட்டினார்கள். தேர்தல் கூட்டத்துக்கு வந்த பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எதைச் சொல்வது என்று தெரியாமல், தெரு விளக்கைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு இறங்க, ஜனங்கள் முதன்முறையாகக் கடைசிவரை இருந்து கேட்டார்கள். முத்துப்பல் என்றும் தேன்குரல் என்றும் வாய் கூசாமல் சொல்லி வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வாயே திறக்காதவர்கள் சிலர் ஆசை தாங்காமல் திறந்தார்கள். ஏனென்றால் பயத்தைவிட எங்களுக்கு ஆவல்தான் அதிகமாக இருந்தது. தன்னைப் பார்க்க எது வரும், எது நிற்கும் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? பொட்டுக்கடலைக் கடைக்காரரை யாரோ வம்புக்கு ஆமை என்று சொல்லப்போக, ஆமை வந்து அவர் பொட்டலம் மடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்து, இவ்வளவு மெதுவாகவெல்லாம் தன்னால் முடியாது என்று தோன்றியதோ என்னவோ, விருட்டென்று திரும்பிப் போயிற்று.

வைரக்கண்ணுதான் பாவம். சிங்கத்துக்குப் பிறகு அவர் பிளெக்ஸில் பேர், ஊர், தேதி மட்டும் அடித்துக் கொடுத்தார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தபடி ரோட்டில் போகிற ஒவ்வோர் ஆளையும் அவர் அப்போதுதான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். இத்தனை வருஷம் எத்தனை பேருக்குச் சிங்கம் எழுதியிருக்கிறோம், ஒருத்தரையாவது பார்த்தோமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கீரைக்கார செங்கமலத்தின் புருஷன் உத்திராபதி செத்துப்போனார். அதிசயம் தொடங்கிய பிறகு எங்கள் ஊரில் விழுந்த முதல் சாவு அது.

உத்திராபதியைப் பற்றிச் சொல்வதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. செங்கமலம் ஆற்றங்கரைப் பாத்தியில் கீரை போட்டு, கூடையில் தலைச்சுமையாகத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்று, மகளைக் கட்டிக்கொடுத்து, ஓட்டு வீட்டைத் தளம் போட்ட மெத்தை வீடாக்கியவள். அவர் அவள் புருஷன். அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டார், வேலைக்கும் போக மாட்டார், வாசல் கயிற்றுக்கட்டிலில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். "பொம்பளை சுமக்குறா, இவன் குந்தித் திங்குறான்" என்று அவர் காதுபடவே நாங்கள் பேசியிருக்கிறோம். அவர் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை.

அவருடைய தம்பி சிங்காரவேலு வீறாப்பான ஆள். ஊரே பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தபோது, அண்ணனுக்கு நான் செய்யாமல் யார் செய்வது என்று வைரக்கண்ணுவை உட்கார வைத்து, 'எங்கள் குடும்பத்தின் ஆலமரமே' என்று அஞ்சலி பிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினார். ஆலமரம் வந்தது. விழுதுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மைனாக்கள் கூடவே கத்திக்கொண்டு வர, மின்கம்பிக்குக் குனிந்து தெருவுக்குள் நுழைந்து, பிளெக்ஸைப் பார்த்து, ஜன்னல் வழியே ஒரு விழுதை உள்ளே விட்டுக் கட்டிலைத் தடவி, ஆணியில் தொங்கிய சட்டையைத் தடவி, பிறகு விழுதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஒரு விழுதுகூட ஊனல பாத்தியா" என்றார்கள் தெருவில். "பின்னே? அந்த மனுசனுக்கு ஆலமரமாம்."

சிங்காரவேலு அவமானத்தில் சோறு சாப்பிடவில்லை. "பதினாறாம் நாளுக்கு ஒண்ணும் கட்ட வேணாம் அண்ணி. பேசாம காரியத்தை முடிச்சிருவோம்" என்றார்.

செங்கமலம் அதுவரை அழாதவள். அன்றைக்கு அழுதாள். அவர் போனதற்குக்கூட இல்லை. போனவர் ஒன்றுமே இல்லாதவர் என்று ஒரு மரம் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனதற்கு. அவர் ஒன்றுமில்லாதவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். என்ன என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை. பதினாறாம் நாள் சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும்போது அவருக்கென்று ஒன்றாவது வர வேண்டும், வந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, வைரக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினாள்.

வைரக்கண்ணு வந்து வாசலில் உட்கார்ந்தார். முதன்முறையாக அவர் கேட்டார்: "அவரு எப்படிப்பட்ட ஆளுக்கா?"

"எப்படின்னா... இருந்தாரு."

"கோவப்படுவாரா?"

"எங்க. கோவப்பட்டா தேவலைன்னு இருக்கும்."

"உங்களுக்கு என்ன செய்வாரு?"

"என்ன செய்வாரு. காலையில கீரையை அலசிக் கட்டு கட்டித் தருவாரு. கூடையைத் தூக்கி விடுவாரு. நான் திரும்பி வர்ற வரைக்கும் கட்டில்ல இருப்பாரு. இதெல்லாம் ஒரு சேதியா தம்பி?"

இருவரும் முயன்று பார்த்தார்கள். அவள் தூண் என்று சொன்னாள். மண்டபத்துக் கல்தூண் ஒன்று வந்து, நிலைப்படியில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, கட்டிலைப் பார்த்து, போயிற்று. வைரக்கண்ணு நிழல் என்று சொல்லிப் பார்த்தார். மரமில்லாத வாசலில் நல்ல வெயிலில் ஒரு நிழல் வந்து விழுந்து, வீட்டுக்குள் அறை அறையாகப் போய், கொல்லைப்பக்கம் போய், மறுபடி வாசலுக்கு வந்து, போயிற்று. குத்துவிளக்கு வந்தது, கட்டிலுக்கு அடியில்கூட வெளிச்சம் காட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அடுத்த வீட்டு மாடியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். வைரக்கண்ணு மட்டும் விளக்கு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? கவுன்சிலரைப் பாக்க வந்த சிங்கம், நல்லா பாத்துட்டு, ஆள் சரியில்லன்னு போச்சு. இதுங்க அப்படிப் போகல. தேடிட்டுப் போகுதுங்க. கட்டில்ல தேடுது, கொல்லையில தேடுது. ஆளைக் காணோம்னு போகுது. அவரு சின்ன ஆளுன்னு இல்லக்கா. அவரு இங்க இல்ல."

அதைக் கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போய், ஆணியில் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கிய துண்டை எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எதைக் கூப்பிட்டாலும் இப்படித்தான்."

"ஆமாக்கா. வர்றது பாக்குறதுக்கு ஆள் வேணுமே."

"ஒரு சந்தேகம் தம்பி. ரெண்டைச் சேத்துச் சொல்றோம். அதுல எது கிளம்பி வருது?"

"ஒண்ணு நம்ம கண்ணு முன்னால இருக்கும். அதை எதோட வச்சுச் சொல்றமோ, அது வரும்."

"எவ்வளவு தூரத்துல இருந்தாலும்?"

"இமயமலையே வந்து தாலுகா ஆபீஸ் தெருவுல நின்னுட்டுப் போச்சேக்கா. இதுக்கு மேல என்ன தூரம்?"

"ஆளை வச்சுப் பொருளைச் சொன்னா?"

வைரக்கண்ணு சிரித்துவிட்டார். "அப்படி யாரு சொல்லுவா? பொருளை வச்சுத்தான் ஆளைச் சொல்லுவோம். நான் அடிச்ச பிளெக்ஸ் அத்தனையும் அப்படித்தான்."

"சரி" என்றாள் செங்கமலம். "பதினாறாம் நாளுக்கு அவரு பேரை மட்டும் போட்டு அடிச்சுக் குடுங்க. வேற ஒரு எழுத்தும் வேணாம்." அவள் கை தன்பாட்டுக்கு அந்தத் துண்டை முறுக்கிக்கொண்டிருந்ததை வைரக்கண்ணு பார்த்தார். பார்த்தாரே தவிர அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் பந்தல் நிறைய ஜனம். சொந்தக்காரர்கள் ஒரு பங்கு என்றால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மூன்று பங்கு. பிளெக்ஸில் 'உத்திராபதி' என்று மட்டும் இருந்ததைப் பார்த்து, எது வரும் என்று டீக்கடையில் பேசி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. ஐயர் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் செங்கமலம் உள்ளேயிருந்து கீரைக் கூடையோடு வந்தாள். கூடை நிறையக் கீரை இருந்தது, விடியும்போதே ஆற்றங்கரைக்குப் போய் அறுத்து வந்திருக்கிறாள்.

சிங்காரவேலு பதறிப்போனார். "அண்ணி, இன்னிக்குக் காரியம். யாவாரத்துக்கா கிளம்புறீங்க? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் தம்பி. ஒரு நிமிசம்."

அவள் தோளிலிருந்த புருஷனுடைய துண்டை எடுத்து உதறினாள், நீளவாக்கில் முறுக்கினாள், வட்டமாகச் சுற்றிச் சும்மாடு கோலித் தலையில் வைத்தாள். இத்தனை வருஷமும் அந்தச் சும்மாட்டைக் கோலியது அவர்தான். தோளிலிருந்து துண்டை எடுத்துச் சுற்றி அவள் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிவிட்டு, கோணலாக இருந்தால் ஒரு விரலால் தள்ளிச் சரி செய்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்வார். சாயங்காலம் அவள் கூடையை இறக்கியதும் அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அவளாகக் கோலிப் பழக்கமில்லாததால் சும்மாடு இடப்பக்கம் கோணிக்கொண்டு நின்றது. வைரக்கண்ணுவைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர் ஓடிப்போய்க் கூடையைத் தூக்கிவிட்டார்.

கனம் தலையில் இறங்கியதும் செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு தடவைதான். வந்து பார்த்துவிட்டு, இது நான் இல்லை என்று அவர் திரும்பிவிட்டால் அத்தோடு சரி.

"இந்தச் சும்மாடு எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள். "சுமக்குறது நான்தான். ஆனா இது இருக்கறதாலதான் வலிக்கல. இதை யாரும் பாக்க மாட்டாங்க, கூடையைத்தான் பாப்பாங்க."

உத்திராபதி ஆற்றங்கரைப் பக்கமிருந்து வந்தார். அதே அரைக்கைச் சட்டை, தோளில் மட்டும் துண்டு இல்லை. பந்தலில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். தன் பெயர் போட்ட பிளெக்ஸை அவர் பார்க்கவில்லை. நேரே செங்கமலத்தின் முன்னால் வந்து நின்று, கூடையைப் பார்த்தார், கூடைக்கும் தலைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார், தலையைச் சாய்த்து இந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சிங்காரவேலு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு உத்திராபதி ஒரு விரலை நீட்டி, கோணியிருந்த சும்மாட்டைத் தள்ளிச் சரி செய்தார். திரும்பிப் போகவில்லை.

செங்கமலம் கண்ணைத் திறந்தாள். நடக்க ஆரம்பித்தாள். அவரும் கூட நடந்தார். ஐயர் சைக்கிளில் எதிரே வந்து, இறங்கி, ஓரமாக நின்றார்.

அன்றைக்கு அவர்கள் நடந்த தெருக்களை இன்றைக்கும் எங்களால் சொல்ல முடியும். கீரைக்காரத் தெரு, மார்க்கெட் ரோடு, தாலுகா ஆபீஸ் தெரு, கவுன்சிலர் வீடு, பள்ளிக்கூடம், மறுபடி மார்க்கெட் ரோடு. சேதி தெரியாத வீடுகளில் பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து "முளைக்கீரை இருக்கா செங்கமலம்?" என்று கேட்டு, பக்கத்தில் நடப்பது யார் என்று பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள். கூடை இறங்கினால் சும்மாட்டை உதற வேண்டும், உதறினால் அது வெறும் துண்டு, துண்டுக்கு அவர் எதற்கு நிற்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவரும் ஒரு கட்டுக் கீரை வாங்கவில்லை. மதுரமுத்துவின் பெண்டாட்டி ஓடி வந்து அவள் வாயருகே சொம்பை உயர்த்தித் தண்ணீர் குடிக்க வைத்தாள். டவுன் பஸ் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. நாங்கள் காதுபடப் பேசிய மனுஷனுக்கு நாங்களே வெயிலில் வரிசையாக நின்று வழி விட்டோம், அதற்காவது அன்றைக்கு எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

உச்சி வெயில் தாண்டியும் அவள் இறக்கவில்லை. கீரை வாடிக் கூடையின் விளிம்பில் தொங்கிவிட்டது. வைரக்கண்ணுவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடையிலிருந்து இறங்கி வந்து, உத்திராபதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து நாலடி நடந்து மெதுவாகக் கேட்டார்.

"கழுத்து நோகுமேக்கா. ஒரு கை பிடிக்கட்டுமா, செத்த நேரம் இறக்கி வைக்கிறீங்களா?"

"வேணாம் தம்பி" என்றாள் செங்கமலம். "இன்னிக்குச் சும்மாடு சரியா இருக்கு."